சாமிக்குப் படைத்த பால்

எங்கள் வீட்டில் நான் சத்தமாகச் சிரித்தால் இவர் பேப்பரை இறக்கிவிட்டு என்னைப் பார்ப்பார். டிவியில் வந்த பகிடிக்குத்தான் சிரித்தேன் என்று நிச்சயமான பிறகுதான் பேப்பர் திரும்ப மேலே போகும். கோபப்பட்டால் மகள் பார்ப்பாள். சாமியறையில் கொஞ்சம் கூட நேரம் இருந்துவிட்டால், என்ன செய்கிறேன் என்று வெளியிலிருந்து குரல் வரும். தேவாரம் படிக்கிறேன் என்று பதில் சொல்ல வேண்டும். மனவருத்தம் என்கிற மனநோய் வந்து சுகமான ஆளுக்குச் சும்மா இருப்பதும் ஒரு வேலைதான்.

எனக்கு அந்த வருத்தம் வந்தபோது மகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். அப்போதும் இதே கொழும்பு வெள்ளவத்தையில், இதே மாடி வீட்டில்தான் இருந்தோம். கீழ்வீட்டுக்காரர் தண்ணீர்த் தாங்கியில் ஏதோ கலக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. பட்டது என்று இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு அது காலிக்குப் போகிற பெருவீதியில் பஸ் ஓடுகிறது என்பதுபோல எனக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். கோயில் பைப்பில் போத்தலில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வருவேன். சோற்றை முகர்ந்து பார்ப்பேன். பிறகு சாப்பாட்டையே விட்டேன். யாரும் கேட்டால் விரதம் என்றேன்.

டொக்டர் தந்த குளிசைகளையும் நான் நம்பவில்லை. விழுங்கிவிட்டேன் என்று சொல்லிப் பல்கனியில் இருந்த குரோட்டன் சாடிக்குள் புதைத்தேன். அதைக் கண்டுபிடித்தவர் கிருலப்பனையில் இருக்கும் இவருடைய தமக்கை. குளிசையைத் தூளாக்கிப் பாலில் கலந்து கொடுக்கும்படி இவருக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான். ஒரு நாள் பால் குடித்த பேணியின் அடியில் வெள்ளைத் தூள் கிடந்ததைக் கண்டேன். வீட்டுக்குள் எனக்கு ஏதோ போடுகிறார்கள் என்று நான் சொன்னதெல்லாம் வருத்தம், ஆனால் அந்தப் பேணியில் இருந்தது உண்மை. அந்தப் பாலால்தான் எனக்குச் சுகம் வந்தது என்று இவர் சொல்வார். இருக்கலாம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யார் எதைக் கையில் தந்தாலும் நான் ஒரு முறை அடியைப் பார்க்காமல் குடித்ததில்லை.

சுகம் வந்த பிறகு டொக்டர் எனக்கு ஒரு பழக்கம் சொல்லித்தந்தார். சந்தேகம் வந்தால் உடனே நம்பிவிடாமல், அது வேறு என்னவாக இருக்கலாம் என்று யோசிக்க வேண்டும். யோசித்தும் போகாவிட்டால் நம்பிக்கையான ஒரு ஆளிடம் கேட்க வேண்டும். கன வருடமாக அப்படித்தான் சமாளித்து வந்தேன். குளிசையும் ஒரு இரவும் தவறியதில்லை. சாப்பாட்டு மேசையில் இவருக்கு முன்னால் வைத்து விழுங்குவேன்.

இனி விரதக் கதைக்கு வருகிறேன். கந்தசஷ்டி பிடிப்பது எனக்குச் சின்ன வயதுப் பழக்கம். கலியாணம் முடித்த பிறகும் விட்டதில்லை. வருத்தம் வந்த வருடத்தோடு அது நின்றது. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஐப்பசியும் மற்றப் பெண்கள் கோயிலில் தர்ப்பைக் காப்புக் கட்டிக்கொள்ளும்போது நான் கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டு நிற்பேன். முருகன் என்னை வேண்டாமென்று விட்டான் என்று நினைத்து அழுத நாட்களும் உண்டு.

போன ஐப்பசியில் துணிந்து டொக்டரிடம் கேட்டேன். அவர் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். பகலில் தண்ணீரும் இளநீரும் நிறையக் குடிக்க வேண்டும், பின்னேரம் பாலும் பழமும் எடுக்க வேண்டும், குளிசை ஒரு நாளும் தவறக் கூடாது, தலை சுற்றினால் அந்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்றார். பக்கத்தில் இருந்த இவரும் தலையாட்டினார். ஆனால் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரைக்கும் ஒரு சொல் கதைக்கவில்லை. அன்று இவருடைய தமக்கை போன் எடுத்து என்னிடம் கேட்ட கேள்வியில்தான் இவருடைய மௌனம் எனக்கு விளங்கியது.

"இது முருகன்ர விரதமோ, அந்த நாளைய விரதமோ?"

நான் சிரித்துச் சமாளித்தேன். போனை வைத்த பிறகு அந்தக் கேள்வியை நானே என்னிடம் கேட்டேன். நிச்சயமாகப் பதில் சொல்ல முடியவில்லை.

காப்புக் கட்டிய முதல் நாள் நன்றாகப் போனது. பின்னேரப் பூசை முடிந்து வந்து நானே பால் காய்ச்சிக் குடித்தேன். விரதத்தில் வாய்க்குள் குளிசை போடுவது எனக்கு ஒரு மாதிரி இருந்ததால், சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டு, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அங்கேயிருந்த செம்புத் தண்ணீரோடு விழுங்கினேன். அந்தக் கதவைச் சாத்தியதால் என்ன வரப்போகிறது என்று எனக்குத் தெரியாது.

அடுத்த நாள் கோயிலால் வந்தபோது இவர் அடுப்படியில் நின்றார். இவர் புறக்கோட்டையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலை. வீட்டில் தேத்தண்ணிக்குச் சீனி எங்கே இருக்கிறதென்று தெரியாத மனுஷன். "நீர் களைச்சுப்போய் வாறீர், இரும், நான் பால் காய்ச்சித் தாறன்," என்றார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பேணிக்குள் கரண்டியைப் போட்டு ஆட்டினார். கற்கண்டு கரைவதற்கு அவ்வளவு நேரம் வேண்டாம். நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். கரண்டி நிற்கவில்லை.

பாலில் ஏலக்காய் வாசம் தூக்கலாக இருந்தது. அதற்குக் கீழே ஒரு கைப்பு. குடித்து முடித்து அடியைப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நன்றாகக் கரைத்திருந்தால் ஒன்றும் இருக்காதுதானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. முதல் நாளைப் போலவே சாமியறைக்குப் போய் என் குளிசையையும் விழுங்கினேன்.

விடிய, குளிசையால் வரும் வழக்கமான மந்தத்துக்கும் மேலாக, கண்ணே திறக்க முடியவில்லை. காலைப் பூசை மணி தவறிப்போனது. மகள் வேலைக்குப் போகிற அவசரத்தில், விரதக் களைப்பு, படுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் படுத்தபடி டொக்டர் சொன்னமாதிரி யோசித்தேன். வெறும் வயிற்றில் வாய் கைப்பது வழக்கம். ஏலக்காய் பழசாக இருக்கலாம். வயது போய்விட்டது, முந்தி மாதிரி விரதம் தாங்க உடம்புக்கு முடியாமல் இருக்கலாம். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் கரண்டிச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

நம்பிக்கையான ஆளிடம் கேட்க வேண்டும். எனக்கு நம்பிக்கையான ஆள் இவர்தான். பாலுக்குள் என்ன போட்டீர்கள் என்று நான் கேட்டால், அது அந்தக் காலத்தில் நான் நாளுக்குப் பல தடவை கேட்ட அதே கேள்வி. கேட்ட உடனே காப்பை அவிழ்த்து, ஒரு த்ரீவீலைப் பிடித்து டொக்டரிடம் கொண்டுபோய்விடுவார். கேட்காமல் இருந்தால் இந்தச் சந்தேகம் உள்ளே இருந்து வளரும். அதன் வளர்த்தி எனக்குத் தெரியும்.

அன்று பின்னேரம் கோயிலில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெண், அவவும் விரதக்காரி, யார் வீட்டில் பால் காய்ச்சுவது என்று கதை கொடுத்தா. இவர்தான் என்று சொல்லிவிட்டேன்.

"உங்கட அவரோ? என்ன மருந்து போட்டு மயக்கினனீங்கள்? என்ர ஆளுக்குக் காஸ் அடுப்பு எந்தப் பக்கம் பத்துறதெண்டே தெரியாது."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு சரியான அளவில் நின்றதா என்று பார்த்துக்கொண்டேன். பிறகு மூலஸ்தானத்தைப் பார்த்தபடி இருந்தபோது ஒரு வழி மனதில் வந்தது. இவர் பிரசாதம் என்று எதை நீட்டினாலும் இரண்டு கையாலும் வாங்குகிறவர். காய்ச்சலோடு போன நாளிலும் பஞ்சாமிர்தத்தை வேண்டாமென்று சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்ததும் இவர் பால் பேணியை நீட்டினார். சாமிக்குப் படைத்துவிட்டுக் குடிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போனேன். படத்துக்கு முன்னால் வைத்து, பூப்போட்டு, கற்பூரம் காட்டினேன். "முருகா, உன்னைப் பொலிஸ்காரன் ஆக்கிறன், குறை நினையாதே," என்று மனதுக்குள் சொன்னேன். பேணியை எடுத்துக்கொண்டு வெளியில் வந்தேன்.

"பிரசாதம். முதல் நீங்கள் எடுங்கோ."

தான் சாப்பிட்டுவிட்டேன் என்றார். ஒரு மிடறு போதும் என்றேன். பேணியைப் பார்த்தார். பிறகு சாமியறைப் பக்கம் பார்த்தார். நான் அவருடைய கையை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் கை கொஞ்ச நேரம் எழும்பவில்லை. பிறகு இரண்டு கையும் வந்தது. ஒரு மிடறு அல்ல, ஒரு சொட்டு மிச்சமில்லாமல் எல்லாவற்றையும் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டு, "கற்கண்டு காணாது, இன்னும் கொஞ்சம் வேணும்," என்றார்.

ஏதும் போட்டிருந்தால் குடித்திருக்க மாட்டார். ஆகவே ஒன்றும் போடவில்லை. ஒன்றும் போடவில்லை என்றால், எனக்குப் பழையபடி தொடங்கிவிட்டது. தண்ணீர்த் தாங்கியும் இப்படித்தான் தொடங்கியது. வாழைப்பழம் ஒன்றைத் தின்று, கதவைச் சாத்திக் குளிசையை விழுங்கிவிட்டுக் கையிலிருந்த காப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விடிந்ததும் இவரிடம் சொல்லி டொக்டரிடம் போவது, விரதத்தை விடுவது என்று முடிவெடுத்துக்கொண்டு படுத்தேன்.

விடிந்து முகம் கழுவிவிட்டு வந்தால் இவர் எழும்பவில்லை. கரையோர ரயிலின் முதல் சத்தத்துக்கே எழும்பிக் குளித்து வீபூதி பூசிக்கொண்டு நிற்கிறவர். யன்னல் வெயில் முகத்தில் அடிக்கிறது, வாயைத் திறந்தபடி தூங்குகிறார். மகள் வந்து எட்டிப் பார்த்து, அப்பாவுக்குச் சுகமில்லையோ என்று கேட்டாள். அலுப்பாக்கும் என்று சொல்லி அவளை அனுப்பினேன். கடையிலிருந்து போன் வந்தது. அதற்கும் அவர் அசையவில்லை.

நான் கட்டிலருகில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். மூச்சு ஒழுங்காக வருகிறதா என்று நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். முதலில் எனக்கு வந்தது சந்தோஷம், அதை மறைக்க மாட்டேன். எனக்கு ஒன்றுமில்லை. கரண்டிச் சத்தம் உண்மை. பிறகுதான் கோபம் வந்தது. அவர் எழும்பினதும் என்னென்ன கேட்க வேண்டும் என்று வரிசையாக நினைத்து வைத்தேன்.

வெயில் சுவருக்கு ஏறின பிறகு கண்ணைத் திறந்தார். எழும்பப் பார்த்தார், முடியவில்லை. நாக்கு ஒட்டியது போலும், தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டுப் பேணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஒவ்வொரு விடியவும் உமக்கு இப்பிடியே இருக்கிறது?"

நான் கேட்க வைத்திருந்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. ஓம் என்றேன். எத்தனை காலைகளில் இந்த மனுஷன் தேத்தண்ணி இன்னும் வரவில்லையோ என்று கதவடியில் நின்றிருக்கிறார். சோம்பல் என்று மற்றவர்களுக்கும் சொல்லியிருக்கிறார்.

"கால் என்ர கால் மாதிரியே இல்லையப்பா," என்றார்.

"கொஞ்சம் நடந்தா வந்திடும்," என்றேன்.

பிறகு தானாகச் சொன்னார். நான் சாமியறைக் கதவைச் சாத்திக்கொண்டதும் அவருக்குப் பயம் பிடித்துவிட்டதாம். குளிசையை விழுங்குகிறேனோ, திரும்பவும் எங்கேயும் புதைக்கிறேனோ என்று யோசித்தாராம். பல்கனிச் சாடியைக் கூடக் கிளறிப் பார்த்தாராம். அதில் ஒன்றுமில்லாவிட்டாலும் மனம் ஆறவில்லையாம். ஆகவே தமக்கை சொல்லிக்கொடுத்த பழைய வழி.

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டா ஓம் எண்டு சொல்லுவீர். அந்த நேரமும் ஓம் எண்டுதானே சொன்னனீர்."

பிறகு அவர் கேட்டார், நான் ஏன் வாயைத் திறந்து அவரிடம் கேட்கவில்லை என்று. கேட்டால் என்ன செய்திருப்பீர்கள் என்றேன்.

"டொக்டரிட்டைக் கொண்டுபோயிருப்பன்."

உண்மையைத்தான் சொன்னார். எனக்கு அது பிடித்தது. தெரிந்துகொண்டு ஏன் குடித்தீர்கள் என்றும் கேட்டேன். "படைச்சதை வேண்டாமெண்டு சொல்லேலுமே?" என்றார். அவருக்கு அதில் யோசிக்க ஒன்றுமில்லை. நான் விழுங்கியதற்கு மேலே இன்னொன்று தந்தது பிழை என்று பிறகு டொக்டர் இவரை நன்றாக ஏசினார். தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

அன்று பின்னேரம் பூசை முடிந்து வந்தபோது, பாலை நீரே காய்ச்சும் என்றார். நான் காய்ச்சினால் அன்றைக்கு மட்டும்தான் சரிவரும் என்று எனக்குப் பட்டது. நீங்களே காய்ச்சுங்கோ என்று சொல்லிவிட்டு, சாமியறைக் கதவை அகலத் திறந்து வைத்து, அடுப்படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அவர் அங்கிருந்து சத்தமாகச் சொல்லிக்கொண்டே செய்தார். இப்போது பால் பொங்குது. இப்போது கற்கண்டு போடுறன். இப்போது ஏலக்காய். கடையில் சாமான் ஏற்றும்போது சொல்லுகிற குரல். எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு சத்தம் நின்றது. கரண்டியும் இல்லை, குரலும் இல்லை. என் கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. காப்பைப் பிடித்துக்கொண்டு முருகனுடைய முகத்தைப் பார்த்தபடி இருந்தேன். சிந்தின பாலைத் துடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அடுத்த நாள் பால் காய்ந்திருந்த துணியைக் கண்டபோதுதான் அது தெரிந்தது. அந்த நேரம் தெரியாது.

பால் வந்தது. குடித்தேன். கைப்பு இல்லை. பேணியைக் கீழே வைக்க முன்னம் அடியைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று எழுதினால் பொய். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, குளிசையை நாக்கில் வைத்து, செம்புத் தண்ணீரோடு விழுங்கினேன். போகாமல் நின்றார். என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார். நான் வாயைத் திறந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, வீபூதித் தட்டை எடுத்து முதலில் எனக்கு நீட்டினார்.