காவலுக்கு நின்ற ஞாயிறு

ராயபுரத்தில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் துப்புரவு மேற்பார்வை பார்க்கிறவள் சில்வியா. வாரம் முழுக்க நின்று நின்று கால் வீங்கிப்போகும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவளுக்கென்று இருந்தது. அதையும் அறிவு வந்து பிடுங்கிக்கொண்டான்.

அறிவு வியாசர்பாடிக்காரன், மூட்டை தூக்குகிறவன். குடித்துவிட்டு நடுரோட்டில் கலாட்டா செய்ததற்கு, ஜெயிலுக்குப் பதிலாகச் சமூக சேவை என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஞாயிறுதோறும் பூங்காவைக் கூட்ட வேண்டும். நல்ல தீர்ப்புதான், யார் இல்லை என்றது? ஜெயில் செலவு மிச்சம் என்று பெரியவர்கள் மெச்சிக்கொண்டார்கள். பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டுமே, அந்தச் செலவு யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது சில்வியாவின் தலையில் விடிந்தது. அவள் நிற்கிற நேரம்தான் அவனுக்குக் கணக்கு. அவள் இல்லாதபோது யாராவது வந்து பார்த்துவிட்டால் அவன் உள்ளே போக வேண்டியதுதான்.

அந்த வருடம் கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த அவள் கணவர் நெல்சன் இறந்தபின் வரும் முதல் திருநாள். நான்கு மணிக்குச் சாமியார் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவார். அப்போது வீட்டு ஆள் மெழுகுவத்தியோடு நிற்க வேண்டும். பிள்ளைகுட்டி கிடையாது, அவளை விட்டால் நெல்சனுக்கு யார்? மாற்று ஆள் கேட்டுப் பார்த்தாள். அதிகாரி சங்கரநாராயணன் கெட்டவர் இல்லை. ஆளே இல்லையம்மா என்று கையை விரித்துவிட்டார்.

மதியத்துக்கு மேல், கல்லறைக்கென்று அவள் பூவும் மெழுகுவத்தியும் வாங்கி வைத்திருந்த பை அறிவின் கண்ணில் பட்டது. விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "நீ போய்க்கினு வாக்கா. நான் எங்கியும் ஓட மாட்டேன்" என்றான்.

ஓட மாட்டான் என்று அவளுக்கும் தெரியும். மாட்டிக்கொண்டால் அவன் கதி என்ன என்பதும் தெரியும். தன் பார்வையிலேயே இருக்கட்டும் என்று, துடைப்பத்தை வைக்கச் சொல்லி அவனையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டாள்.

சுற்றிலும் எல்லாக் கல்லறைகளையும் முன்கூட்டியே சுத்தம் செய்து வெள்ளையடித்திருந்தார்கள். நெல்சனுடையதில் மட்டும் புல் மண்டிக் கிடந்தது. அறிவு குனிந்து ஒரு கைப்பிடி பிடுங்கினான்.

"தொடாத நைனா. இது கோர்ட்டு சொன்ன வேல இல்ல" என்றாள்.

தண்டனைக்கு வந்தவனைச் சொந்த வேலைக்கு வளைத்தாள் என்ற பேர் அவளுக்கு வேண்டாம். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவளே பிடுங்கினாள். சாமியார் வந்தார், தீர்த்தம் விழுந்தது. அவளுக்கு ஒரு கண் நெல்சன் மேல், ஒரு கண் அறிவு மேல். அழக்கூடத் தோதுப்படவில்லை.

போய்வந்த நேரத்தை ஈடுகட்டியாக வேண்டும். அவன் கூட்ட, அவள் நிற்க, இருட்டும்வரை போயிற்று. வீங்கிய காலை அவள் மாற்றி மாற்றி ஊன்றுவதைப் பார்த்துவிட்டு அவன் கேட்டான்.

"குட்ச்சது நானு. உனக்கு இன்னாத்துக்குக்கா தண்டன?"

கல்லறையில் வராத அழுகை அப்போதுதான் வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் இன்னும் சருகு கிடக்கிறது, கூட்டு என்றாள். அவன் கூட்டினான். அவள் நின்றுகொண்டே இருந்தாள்.