இல்லாத இடத்து வலி

எனக்கு எண்பத்தோரு வயது. ஆறு பிள்ளைகளைப் பெற்று, ஆறையும் ஆளாக்கியவள். ஒன்றைக்கூட மண்ணுக்குக் கொடுக்கவில்லை. அந்தக் காலத்தில் இப்படி நெஞ்சு நிமிர்த்திச் சொல்ல எங்கள் சந்தில் வேறு எவளுக்கும் வாய் கிடையாது. எழுத்து, மூத்தவன் பள்ளிக்கூடம் போனபோது அவன் பலகையைப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மெதுவாகத்தான் எழுத வரும், அவசரமும் எனக்கு இல்லை. என் வீட்டுக்காரரை நினைத்தால் முதலில் கண்ணில் நிற்பது அவர் முகமல்ல. உச்சிவேளையில் ஆளில்லாத மயிலாப்பூர் தெருவில் அவருடைய ஜட்கா வண்டி போகிற காட்சிதான். வண்டியில் சவாரி இல்லை. அவர் ஓர் ஓரமாக ஒடுங்கி உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இன்னொருவருக்கு இடம் விட்டதுபோல. அந்த இடத்தில் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஜப்பான்காரன் கடல் வழியாக வந்து குண்டு போடுவான் என்று பட்டணமே பெட்டி கட்டிக்கொண்டு கிளம்பிய வருஷம் அது. பெரிய வீடுகளிலெல்லாம் பூட்டுத் தொங்கியது. விட்டுவிட்டுப் போன நாய்கள் வாசலிலேயே கிடந்து ஊளையிட்டன. லஸ் முனையில் நின்றால், பகலிலேயே காற்று சருகைத் தள்ளிக்கொண்டு போகிற ஓசை கேட்கும். போகிறவர்களுக்கு வண்டி வேண்டுமே, அதனால் எங்களுக்கு ஓயாத சவாரி. அபிராமபுரத்தில் ஒரு வக்கீல் வீட்டில் சாமான் ஏற்றும்போது டிரங்குப் பெட்டி ஒன்று கைநழுவி விழுந்தது. குதிரை மிரண்டு உதைத்துவிட்டது. உதை விழுந்த இடம் சொல்லக்கூடிய இடமல்ல. அவர் விழவில்லை, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாராம். பிறகு அந்தக் குடும்பத்தை எழும்பூர் ரயிலடி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டுத்தான் வந்தார். என்னிடம் சொல்லவில்லை. தன்னைப் பெற்ற என் அத்தையிடமும் சொல்லவில்லை. காய்ச்சலில் நினைவு தப்பிப் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் அத்தை வேட்டியை விலக்கிப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டாள். கறுத்துப் போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு விரையை எடுத்துவிட்டார்கள். டாக்டர் வெளியே வந்து எங்கள் இருவரிடமும் தன்மையாகவே சொன்னார்: “இன்னொண்ணு நல்லா இருக்கும்மா. ஒண்ணே போதும். புள்ளகுட்டிக்கு ஒரு கொறையும் வராது.” எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தைதான் என் கையை இறுக்கிப் பிடித்தாள். “இந்தப் பேச்சு ஒன்னோடயும் என்னோடயும் போவணும். எவகிட்டயும் மூச்சு வுடாதடி.” நான் விடவில்லை. எங்கள் வீட்டில் அந்தச் சொல்லே செத்துப்போனது.

வீட்டுக்கு வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை. குதிரைக் கொட்டகையில் வைக்கோலைப் பரப்பிப் படுத்துக்கொண்டார். கல்யாணமாகி வருஷம் திரும்பாத பெண் நான், சோற்றைக் கொண்டுபோய் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு நிற்பேன். ஒருநாள் தலை நிமிராமலே பேசினார்.

“ஏமே, வலிக்குது.”

“எங்கய்யா? புண்ணு ஆறிடிச்சின்னாங்களே.”

“புண்ணுல இல்ல. இல்லாத எடத்துல வலிக்குது.” வைக்கோலைப் பார்த்தபடியே சொன்னார்: “நாம உசுரோட இருக்கும்போதே நம்மள்ல கொஞ்சத்த எரிச்சிட்டாங்க. அது முன்னால போயி நின்னுக்கினு மிச்சத்தக் கூப்புடுது.”

இந்தப் பேச்சு கேட்ட பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. வண்டி நிறுத்தத்தில் கூட்டாளிகளுக்கு ஒன்றும் தெரியாது, தொடையில் உதை என்றுதான் சொல்லியிருந்தோம். அவர்கள் வாய் சும்மா இருக்குமா? “இன்னா நைனா, குதிரயும் காயடிச்ச குதிர. அது பொறாமயில ஒன்னயும் அது மாதிரி ஆக்கப் பாத்துச்சா?” என்று ஒருவன் கேட்க, மற்றவர்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். தண்ணீர்ப் பந்தல் ஓரமாக நின்று நான் அதைப் பார்த்தேன். உதடு மட்டும் சிரித்தது. அன்றிலிருந்துதான் அவர் உச்சிவேளையில் காலி வண்டியை ஓட்டிக்கொண்டு எங்கேயோ போக ஆரம்பித்தார். “எங்கய்யா போற?” என்றால் “சவாரி” என்பார். ஊரே காலி, யாருக்குச் சவாரி? வெயில் தாழத் திரும்பி வரும்போது அவர் மேலே புகை வாசனை அடிக்கும். நான் பயந்ததெல்லாம் ஒன்றுக்குத்தான். கூப்பிடுகிறது என்றாரே, அதன் பின்னாலேயே ஒருநாள் போய்விடுவார், நான் கொட்டகை வாசலில் சோற்றோடு நிற்பேன் என்று.

எங்கள் சந்தின் கோடியில் ஆத்தா கோயில். கோயில் என்றால் வேப்பமரமும் ஒரு கூரையும்தான். உள்ளே தரையோடு தரையாக ஆத்தாவின் தலை மட்டும் இருக்கும். கழுத்துக்குக் கீழே ஒன்றும் கிடையாது. உடம்பு பூமிக்குள் இருக்கிறது என்பார்கள் சிலர், உடம்பே இல்லை என்பார்கள் சிலர். ஆடி மாதம் கூழ் வார்க்கும்போது ஆத்தா இறங்குவது என் வீட்டுக்காரர் மேல்தான், அவருக்கு முன்னால் அவருடைய அப்பா மேல். காப்புக் கட்டிக்கொண்டு கரகம் எடுக்கிறவன் உடம்பில் ஒரு விரல் குறைந்திருந்தாலும் ஆகாது என்பது எங்கள் கட்டுப்பாடு. அந்த ஆடியில் காய்ச்சல் என்று சொல்லி அவர் காப்புக் கட்டிக்கொள்ள மறுத்துவிட்டார். கோயிலைத் தாண்டி வண்டி ஓட்டுவதையும் விட்டு, சுற்றுவழியில் போய் வந்தார்.

கூழ் வார்க்கிற ஞாயிற்றுக்கிழமை பாதி ஜனம்தான் ஊர் திரும்பியிருந்தது. பம்பைக்காரர் அடித்து அடித்துக் கை ஓய்ந்தார். யார் மேலும் ஆத்தா வரவில்லை. “சண்டைக்கி பயந்து அவளும் ஊரவுட்டுப் பூட்டா போல கீது” என்றார் தெருப்பெரியவர். ஒருவரும் சிரிக்கவில்லை. கொட்டகைக்குள் என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. நான் கூழ்ப்பானையைத் தூக்கினேன். வேப்பிலை வாசனை மூக்கில் ஏறியது. உச்சந்தலையில் யாரோ ஈரத்துணியைப் போட்டாற்போல் சில்லிட்டது. அதுவரைக்கும்தான் எனக்குத் தெரியும். மற்றதெல்லாம் அத்தை சொல்லிக் கேட்டது.

பானையை இறக்கிவிட்டு நான் நேராகக் கொட்டகைக்குப் போனேனாம். புருஷனை, “டேய்” என்றேனாம்.

“டேய், செவுத்தப் பாத்துக்கினு குந்திக்கினு கீறியே, எங்கிட்ட இன்னாத்தடா மறைக்கிற? மதிலுக்குப் பின்னால பொக வர்ற எடத்துல தெனம் போயித் தேடுனியே, கெடச்சிச்சா?”

அவர் முகத்தில் ரத்தமே இல்லை என்பாள் அத்தை.

“என் கழுத்துக்குக் கீழ இன்னா கீதுன்னு ஒரு நாளாவது கேட்டியா? இந்தத் தலைய வெச்சிக்கினேதான் ஒம் பாட்டன் காலத்துலேர்ந்து ஒங்களக் காப்பாத்திக்கினு கீறேன். சொல்லுடா, நான் முழுசா?”

அவர், “இல்ல, ஆத்தா” என்றாராம்.

“அப்ப எழுந்து வா.”

எழுந்து வந்தார். பெரியவர் அவசர அவசரமாகக் காப்பைக் கட்ட, கரகத்தைத் தலையில் எடுத்தார். சந்து ஜனங்கள், ஆத்தா சண்டையைப் பற்றி என்னமோ குறி சொன்னாள் என்று அதற்கு ஓர் அர்த்தம் செய்துகொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் அத்தையும் விட்டுவிட்டோம். புருஷனை மிரட்ட நான் நடித்தேன் என்று பின்னால் ஒருத்தி சொல்லித் திரிந்தாள். அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. என் வாயால் பேசியது யார் என்று எனக்கே தெரியாதபோது, என்ன பதில் சொல்வது?

அன்று அவர் வீட்டுக்குள் வந்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஒனக்கு யாரு சொன்னது?” எதை என்றேன். “ஆஸ்பத்திரிப் பின்மதிலப் பத்தி.” எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்த மதிலைப் பற்றி நான் கேள்விப்பட்டதே இல்லை. உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்த பிறகு சொன்னார். ஆஸ்பத்திரிக் கழிவை எரிக்கிற குழி அந்த மதிலுக்கு உள்ளே இருந்ததாம். தினமும் அங்கே போய் வண்டியை நிறுத்துவாராம். குதிரை அதற்கு மேல் ஓரடி வைக்காதாம், காதை விறைத்துக்கொண்டு புகையையே பார்க்குமாம். புகைக்குள்ளிருந்து அவரைப் பேர் சொல்லி யாரோ கூப்பிடுவார்களாம். “ஆரு குரலு?” என்றேன். “எங்கொரலுதான்” என்றார்.

அந்தச் சாயங்காலம் நாங்கள் இருவரும் அந்தச் சொல்லை முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னோம். அவர் அழுதார். நானும் அழுதேன். பிறகு பசிக்கிறது என்றார், மீந்த கூழை இருவரும் குடித்தோம். அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். ஆத்தா அவர் மேல் அப்புறம் இறங்கவே இல்லை, கரகம் மட்டும் வருஷா வருஷம் எடுத்தார். என் மேலும் அவள் திரும்ப வரவில்லை. மழைக்காலத்தில் அவருக்கு அந்த வலி வரும், உப்பை வறுத்துத் துணியில் முடிந்து கொடுப்பேன். எங்கே என்று கேட்க மாட்டேன். மூத்தவன் பிறந்த பிறகு ஒருநாள், “இப்பவும் கூப்புடுதாய்யா?” என்றேன். “கூப்புடுது. நான் ஏன்னு கேக்கறதில்ல” என்றார். கிழவராகி, ஆறு பிள்ளைகளும் சுற்றி நிற்கத்தான் போனார்.

பிள்ளைகளிடம் நாங்கள் இதைச் சொல்லவே இல்லை. மானம் என்று நினைத்தோம். இப்போது மூன்றாவது மகன், பேரன் பேத்தி எடுக்கிற வயதில், வீக்கத்தை மாதக்கணக்கில் மறைத்துவைத்தான், கடைசியில் ஆஸ்பத்திரியில் ஒன்றை எடுத்துவிட்டார்கள். உயிருக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. இருந்தும் வந்த நாளாக உள்ளறையை விட்டு வெளியே வரவில்லை. நேற்று அவனுக்குக் காப்பி கொண்டுபோனேன். என்னைப் பார்க்காமல், “அம்மா, யாராவது என்னைக் கூப்பிட்டீங்களா?” என்றான். வீட்டில் நான் ஒருத்திதான் இருந்தேன். நான் கூப்பிடவில்லை. அப்போதுதான் பேனாவை எடுத்தேன்.

பேரா, இங்கே கூடத்தில் உட்கார்ந்து இதை முதலிலிருந்து எனக்குப் படித்துக் காட்டு. என் எழுத்துப் பிழையைத் திருத்திக்கொண்டே படி, பரவாயில்லை. அந்தச் சொல் வருகிற இடத்தில் மட்டும் வெட்கப்பட்டு விழுங்கிவிடாதே, முழுசாகச் சொல். குரலை உயர்த்திப் படி. உங்கப்பன் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறான்.