எஸ்தர் அக்காவின் இலையில்லாப் பூ

பிரிக்பீல்ட்ஸில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது எங்கள் மலையேறும் குழுவின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. எஸ்தர் அக்கா காலமானார், மாரடைப்பு. செய்தியைப் போட்ட வில்சன் கூடவே ஊதா ஆர்க்கிட் படம் ஒன்றையும் ஒட்டியிருந்தார். கல்யாண மேடையில் கொத்துக் கொத்தாகச் செருகுகிற கடைப் பூ. அக்கா பார்த்திருந்தால் போனைத் தூக்கி எறிந்திருப்பார்.

அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். செந்தூலில் ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். காப்பீட்டு அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர். நாக்கில் தேனெல்லாம் கிடையாது. சனிக்கிழமை விடிந்தால் காட்டில் இருப்பார். என்னையும் அந்தக் குழுவில் இழுத்துப் போட்டவர் அவர்தான்.

ரவாங் பக்கத்துக் காட்டில், ஓடையோர மூங்கில் நிழலில், ஈரச் சருகுக்குள் அந்தக் காட்டு ஆர்க்கிடை எனக்குக் காட்டினார். விரல் உயரம். இலை கிடையாது, பச்சையும் கிடையாது. வெளிறிய தண்டு, நுனியில் ஒரு வெள்ளைப் பூ.

"இவ்ளோதானா அக்கா?" என்றேன்.

"இவ்ளோதான். இதுக்குச் சொந்தமா சமைக்கத் தெரியாது. மண்ணுக்குள்ள இருக்கிற பூஞ்சைதான் சோறு போடுது. பேத்து எடுத்தா பட்டினில செத்துரும் லா" என்றார்.

மறுவருடம் வில்சன் அந்தப் பூவைப் படமெடுத்து, இடத்தையும் சொல்லி ஃபேஸ்புக்கில் போட்டார். அடுத்த முறை போனால் மூங்கிலடியெல்லாம் குழி. செடி பிடுங்கி விற்கிற கும்பல் வந்து போயிருந்தது.

"நாலு பேருக்குத் தெரியட்டும்னுதான் போட்டேன் அக்கா" என்றார் வில்சன்.

"பூ வந்து உன்கிட்ட கேட்டுச்சா, தம்பி?"

அன்று அக்கா அழுததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். ஓடைக்கு அப்பால் ஒரே ஒரு கொத்து தப்பியிருந்தது. அதைத் தொடமாட்டோம் என்று எங்கள் ஒவ்வொருவரிடமும் சத்தியம் வாங்கினார். ஆண்டவர் சாட்சியாக என்று முதலில் சொன்னவர் வில்சன்.

நேற்று அடக்க ஆராதனைக்காக அக்காவின் வீட்டுக்குப் போனேன். பெட்டியின் தலைமாட்டில் ஒரு பூத்தொட்டி. கறுத்த மண்ணில் வெளிறிய தண்டுகள். தலை தொங்கிய வெள்ளைப் பூக்கள். பக்கத்தில் வில்சன் கண் கலங்கி நின்றார்.

"அக்காவுக்கு உயிரு லா இந்தப் பூ. காலையில போயி முழுசா எடுத்துட்டு வந்துட்டேன். மண்ணோடதான் எடுத்தேன், ஒன்னும் ஆவாது."

அடப்பாவி, அந்த ஒரு கொத்தையுமா! சாவு வீட்டில் கத்தக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். போதகர் ஜெபத்தில் அந்தத் தொட்டியையும் சேர்த்து, இப்படிப்பட்ட அன்புக்காக ஸ்தோத்திரம் சொன்னார். என்னைத் தவிர எல்லோரும் ஆமென் என்றார்கள்.

போய் வாருங்கள், அக்கா. நேற்று உங்களுக்காக இரண்டு இடத்தில் மண்ணைத் தோண்டினார்கள். கல்லறையில் தோண்டியதை மூடிவிட்டார்கள். காட்டில் தோண்டியது திறந்தே கிடக்கிறது.