வாளியாரின் நாற்பத்தொரு நாள்

கடல் ஆய்வு நிலையத்தில் அவருக்கு ஒரு பதவிப் பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறு யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை. காவலாளி முதல் இயக்குநர் வரை எல்லோருக்கும் அவர் வாளியார்தான். காலை ஆறு மணிக்கு வாளியும் கயிறுமாகப் படகுத்துறையின் கோடிக்குப் போவார். கடல்நீரை மொண்டு, வாளியைத் தரையில் வைத்து, உள்ளே வெப்பமானியை விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, எண்ணைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். இருபத்தாறு வருடமாக இதே வேலை. மீதி நேரத்தில் அலுவலகத்தில் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு நடப்பார், யார் கூப்பிட்டாலும் இப்போதுதான் உட்கார்ந்தேன் என்பார்.

ஆள் நல்ல உயரம். அந்த உயரத்தை ஆண்டவன் கொடுத்தது நிமிர்ந்து நிற்பதற்கே என்பது அவருடைய உறுதியான எண்ணம். கீழே விழுந்த சாவியை எடுக்க யாராவது வரும்வரை அதன்மேல் காலை வைத்துக் காவல் நிற்பார். "எங்க வீட்டுக்காரர் எனக்கு முன்னாடி மட்டும் இல்ல, செருப்பு வாருக்கு முன்னாடிகூடக் குனிய மாட்டார்" என்று அவருடைய மனைவி சொல்வார். அந்த அம்மா வீட்டு முன்னறையில் தையல் இயந்திரம் போட்டிருப்பவர். பாவாடை ஓரம், சட்டைக் கை, பள்ளிச் சீருடை என்று ஊரில் பாதிப் பேரின் அளவு அவருக்குத் தெரியும்.

வாளியாருக்கு ஒரே ஒரு பெருமை. இருபத்தாறு வருடப் பதிவேட்டில் ஒரு கட்டம்கூடக் காலியில்லை. அதிலும் பதினான்கு வருடத்துக்கு முன் குளியலறையில் சோப்பை மிதித்துக் காலை உடைத்துக்கொண்டாரே, அப்போதுகூட மனிதர் நாற்பத்தொரு நாளும் விடியற்காலையில் வண்டி பிடித்து வந்து, கட்டுப் போட்ட காலோடு கடலை அளந்துவிட்டுப் போனார் என்பது நிலையத்தில் எல்லோரும் அறிந்த கதை. அதற்காக நிலையம் ஒரு பாராட்டுப் பத்திரம் கொடுத்தது. கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டு முன்னறையில் மாட்டினார். வாரா வாரம் அதைத் துடைப்பது மனைவியின் வேலை.

துடைக்கும்போது அந்த அம்மா லேசாகச் சிரிப்பார். காரணம் இருவருக்கும் மட்டும்தான் தெரியும். அந்த நாற்பத்தொரு நாளும் வாளியைத் தூக்கியது அந்த அம்மாதான். வாளியார் கட்டிலில் படுத்தபடி, "எவ்வளவு?" என்று கேட்பார். மனைவி சொல்லும் எண்ணைத் தன் கையெழுத்தில் பதிவேட்டில் எழுதுவார். ஆறு மணிக்கு நிலையத்தில் இருந்த ஒரே மனிதர் இரவுக் காவலாளி. அவர் போர்வைக்குள்ளிருந்து முகத்தை வெளியே எடுத்தால்தானே பார்ப்பதற்கு? விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று பதினான்கு வருடம் ஓட்டிவிட்டார் வாளியார்.

ஒட்டியிருந்த மண்ணை வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்தார்.

அது இப்படி நடந்தது. எட்டு நாட்டுக் கடல் ஆய்வு நிலையங்கள் சேர்ந்து இணையத்தில் ஒரு பொது ஆய்வுக்கூடம் தொடங்கின. செங்கல், சிமெண்ட் கிடையாது, எல்லாம் திரையில்தான். ஒருவர் மீன் வரத்துக் கணக்கைக் கொண்டுவந்து போடுவார், இன்னொருவர் பவளப்பாறைப் படங்களைப் போடுவார், வேறொருவர் கடல்நீரின் உப்பளவைப் போடுவார். யார் போட்டதையும் யாரும் திறந்து, அங்கேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்துக் குடித்தனத்துக்குப் பொதுவான சமையலறை மாதிரி. யார் பாத்திரத்தையும் யாரும் திறந்து உப்புப் போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போகலாம். சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

நிலையத்தின் தரவுப் பிரிவில் இருந்த மேடம் எட்டு மாதம் உட்கார்ந்து வாளியாரின் பதிவேடுகள் அத்தனையையும் தட்டச்சு செய்து அந்தத் தளத்தில் ஏற்றினார். மீன்கள் முட்டையிடும் காலம் மாறுகிறதா என்று எட்டு நாடும் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின. அதற்கு நீண்ட கால வெப்பக் கணக்கு வேண்டும். இந்தக் கரையில் வாளியாருடையதை விட நீளமானது வேறில்லை. தன் வாளி எட்டு நாட்டுக்குப் போய்விட்டது என்று வாளியார் ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

எட்டாம் நாள் மேடம் கூப்பிட்டார்.

"சார், உங்க கணக்குல சிவப்புக் கொடி போட்டிருக்காங்க."

"கொடியா? எதுக்கு மேடம்?"

"செயற்கைக்கோள் கணக்கோட, பக்கத்துத் துறைமுகக் கணக்கோட ஒப்பிட்டுப் பாத்திருக்காங்க. உங்க எண் எல்லாமே புள்ளி நாலு டிகிரி அதிகமா இருக்காம். இருபத்தாறு வருஷமும்."

வாளியார் சிரித்தார். "அப்போ செயற்கைக்கோள்லதான் கோளாறு இருக்கும். அது எவ்வளவு ஒசரத்துல இருந்து பாக்குது! நான் பக்கத்துல நின்னு பாக்குறேன்."

"இருங்க சார், இன்னும் இருக்கு. நடுவுல ஒரு நாப்பத்தொரு நாள் மட்டும் கிட்டத்தட்ட அச்சு அசலா சரியா இருக்காம். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி. அந்த நாப்பத்தொரு நாள் மட்டும் என்ன மாறுச்சு, எந்தக் கருவி, எப்படி அளந்தீங்கன்னு கேக்குறாங்க. அது தெரிஞ்சா மீதியெல்லாம் திருத்திக்கலாமாம். தெரியலைன்னா மாசக் கடைசில உங்க கணக்கு முழுசையும் ஒதுக்கி வச்சிடுவாங்க."

வாளியாரின் சிரிப்பு பாதியில் நின்றது. எந்த நாற்பத்தொரு நாள் என்று அவர் கேட்கவேயில்லை. மேடம் அதைக் கவனித்தார்.

"அது... கால் உடைஞ்ச சமயம் மேடம். வலில ஒருவேளை கவனமாப் பாத்திருப்பேன்" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காத ஒரு கோப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார்.

நான்கு நாள் அந்த மனிதருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. உண்மையைச் சொன்னால் பாராட்டுப் பத்திரம் பொய். சொல்லாவிட்டால் இருபத்தாறு வருடக் கடல் குப்பைத் தொட்டியில். இரண்டில் எதை இழக்கலாம் என்று தராசு பிடித்துப் பார்த்தார். தட்டு மேலும் கீழுமாக ஆடியதே தவிர நிற்கவில்லை. அதற்கு நடுவே இன்னொரு முள் குத்தியது. தான் தப்பாகவும் தன் மனைவி சரியாகவும் அளந்தது எப்படி? மூன்று வெப்பமானிகள் உடைந்து மாறியிருக்கின்றன. மாறாதவர் அவர் ஒருவர்தான்.

ஐந்தாம் நாள் மாலை வீட்டுக்கு வெப்பமானியைக் கொண்டுவந்தார். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து முன்னறை நடுவில் வைத்தார்.

"அந்த நாப்பத்தொரு நாளும் நீ எப்படி அளந்தே? அதே மாதிரி இப்பக் காட்டு."

மனைவி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு வந்தார். வாளிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். இன்னும் கொஞ்சம் கீழே தணிந்து, வெப்பமானியின் கோட்டுக்கு நேராகக் கண்ணைக் கொண்டுவந்தார்.

"இருபத்தாறு புள்ளி ரெண்டு."

வாளியார் நின்றபடியே கழுத்தை மட்டும் சாய்த்துப் பார்த்தார். "இருபத்தாறு புள்ளி ஆறு."

"மேல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும். பாவாடைக்கு ஓரம் குறிக்கிறப்ப நின்னுக்கிட்டா குறிப்பாங்க? கண்ணு நூலோட மட்டத்துக்கு வரணும். இல்லன்னா ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கிடும். குனிஞ்சு பாருங்க."

முழங்கால் இரண்டும் சடசடவென்று சத்தம் போட, வாளியார் உட்கார்ந்தார். இருபத்தாறு புள்ளி இரண்டு. சந்தேகத்துக்கே இடமில்லை. இருபத்தாறு வருடமாகக் கடலுக்குக் காய்ச்சல் இருப்பதாக எழுதி வந்திருக்கிறோம் என்பது அவருக்கு விளங்கியது.

"இத ஏன் அப்பவே சொல்லல?"

"நீங்க எப்படிப் பாப்பீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன தினமும் உங்க கூடவா வந்தேன்? எண் மட்டும்தான் கேட்டீங்க. சொன்னேன்."

மறுநாள் மேடத்தின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, தளத்தில் பதில் எழுதும் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஒற்றை விரலால் தட்டினார். 'தவிர்க்க முடியாத தொழில்நுட்பக் காரணங்களால்' என்று தொடங்கினார். அழித்தார். 'தகுதி பெற்ற வேறொரு அளவீட்டாளர்' என்று எழுதினார்.

"என்ன தகுதின்னு கேப்பாங்க சார்" என்றார் மேடம்.

அதையும் அழித்தார். ஒரு மணி நேரம் கழித்துப் பெட்டியில் இருந்தது இவ்வளவுதான்: 'அந்த நாற்பத்தொரு நாளும் அளந்தது நான் இல்லை. என் மனைவி. அவர் தையல்காரர். உட்கார்ந்து அளந்தார். நான் இருபத்தாறு வருடமும் நின்றுகொண்டு அளந்தேன். பாராட்டு எனக்குக் கிடைத்தது. மன்னிக்கவும்.'

எட்டு நாட்டுக்கும் தெரிகிற மாதிரி அனுப்பிவிட்டு, தூக்குமேடையிலிருந்து இறங்கியவர் மாதிரி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மேடம் அவரைப் பார்க்காமல் திரையையே பார்த்தார். சிரித்துவிடக் கூடாதே என்று அவருக்குப் பயம்.

யாரும் அவரைத் திட்டவில்லை. மூன்றாம் நாளே சிவப்புக் கொடி இறங்கியது. நாற்பத்தொரு நாளை அளவுகோலாக வைத்து மற்றதையெல்லாம் திருத்திவிட்டார்கள். எட்டு நாட்டு ஆய்வாளர்களும் 'தையல்காரர் திருத்தம்' என்றே அதை எழுத ஆரம்பித்தார்கள். நிலையத்தின் இயக்குநர் மட்டும் வராந்தாவில் எதிர்ப்பட்டபோது, "உங்க வீட்டம்மாவுக்கு வேலை எதுவும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேடத்துக்கு ஒரே ஒரு சின்ன வேலை பாக்கியிருந்தது.

"சார், நாப்பத்தொரு நாள்ல நாப்பது நாள் பிரமாதம். பதினேழாவது நாள் மட்டும் இடிக்குது. முந்தின ராத்திரி புயல் மழை, கடல் ஒன்றரை டிகிரி குளுந்திருக்கு. பதிவேட்டுல இருக்கறது முந்தின நாள் எண்ணேதான். அன்னிக்கு என்னன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

வாளியாருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இருபத்தாறு வருடத் தப்புக்கு முன்னால் ஒரு நாள் தப்பு சின்னதுதான். இருந்தாலும் ஏதோ ஒன்று இருக்கிறதே. வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே வீட்டுக்குப் போனார்.

"என்ன தையல்காரம்மா, நீங்களும் ஒரு நாள் கோட்டை விட்டிருக்கீங்க போல? பதினேழாம் நாள். புயல் மழை. போகாமயே எண் சொல்லிட்டியா?"

இயந்திரத்தின் சத்தம் நின்றது. மனைவி துணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"போகல. முந்தின நாள் எண்ணையே சொன்னேன்."

"அப்படி வா வழிக்கு! மழைக்குப் பயமா?"

"மழை என்ன பண்ணும். நம்ம பாப்பாவுக்கு அன்னிக்கு விடியற்காலைல காய்ச்சல்ல தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. அஞ்சு வயசு. ஈரத்துணி போட்டுக்கிட்டே மடில வச்சிருந்தேன். நூத்தி மூணு. ரெண்டு தடவை பாத்தேன், மூணாவது தடவையும் நூத்தி மூணுதான். பக்கத்து வீட்டு அக்காவ டாக்டரக் கூட்டிட்டு வர அனுப்பிட்டு உக்காந்திருந்தேன். அந்த ரூம்ல இருந்து நீங்க சத்தம் போட்டீங்க, 'எவ்வளவு?'ன்னு."

வாளியார் நின்ற இடத்திலேயே நின்றார்.

"ஒரு நிமிஷம் பாப்பாவத்தான் கேக்குறீங்கன்னு நெனச்சேன். அப்புறம் புரிஞ்சுது. வாய்க்கு வந்த எண்ணச் சொன்னேன். நீங்க எழுதிக்கிட்டீங்க."

அந்த அம்மாவின் குரலில் கோபம் இல்லை. பதினான்கு வருடத்தில் அது எப்போதோ ஆறிவிட்டது. ஆனால் வாளியாருக்கு இப்போதுதான் சுட்டது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது அவருக்கு நினைவிருந்தது. டாக்டர் வந்ததும் நினைவிருந்தது. அது எந்த நாள் என்பது மட்டும் நினைவில் இல்லை. அன்றைய கடலின் வெப்பத்தைக் கேட்டிருந்தால் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்லியிருப்பார். வெட்கமாக இருந்தது. மனைவிக்குப் பக்கத்தில், துணித் துண்டுகள் கிடந்த தரையில், யாரும் சொல்லாமலே போய் உட்கார்ந்தார். பிறகு, வெளியூரில் வேலை பார்க்கும் மகளைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "உடம்பு எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டார். அவள் பயந்துபோய் அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள்.

காலையில் மேடம் அந்த நாளைத் திரையில் திறந்து கொடுத்தார். வாளியார் தன் விரலாலேயே எண்ணை அழித்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் காலிக் கட்டம். காலியாக விட்டால் காரணம் கேட்பது தளத்தின் வழக்கம். புயல், கருவி பழுது, அளவீட்டாளர் விடுப்பு என்று ஒரு பட்டியல் வந்தது.

"விடுப்புன்னு போட்டுடலாமா சார்?"

"அவ விடுப்புல இல்ல மேடம்."

பட்டியலின் அடியில் 'பிற' என்று இருந்தது. அதைத் தேர்ந்தெடுத்து, ஒற்றை விரலால் தட்டினார்: 'மகளுக்குக் காய்ச்சல். 103. அளந்தது மனைவி.'