முடிச்சிட்டேன் என்றொரு கட்டம்

ஒரு வேலை பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டு அவளால் சும்மா இருக்க முடியாது. அடுப்பில் தண்ணீர் வைத்தால் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பாள். அடுத்தவர் கையில் இருக்கும் செய்தித்தாளைப் பார்த்து, "படிச்சாச்சா?" என்பாள். வீட்டில் இதற்கு வியாதி என்றே பெயர் வைத்திருந்தார்கள். கணவர் நீச்சல்குளத்தில் காவலர். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நாள் முழுக்கத் தண்ணீரைப் பார்ப்பது அவர் உத்தியோகம். "நம்ம ரெண்டு பேரையும் ஒண்ணாக் கலக்கி மறுபடி ரெண்டாப் பிரிச்சிருந்தா, ரெண்டு நல்ல மனுஷங்க கிடைச்சிருப்பாங்க" என்பார்.

வெறும் கட்டடத்தை வாங்கிப் போட்டவர்களுக்கு உள்ளே எல்லாவற்றையும் அமைத்துக் கொடுக்கும் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. தரை, சுவர், மின்சாரம், தடுப்பு, கதவு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தொலைபேசி எடுக்கிறவளாகச் சேர்ந்து, வருஷக்கணக்கில் அதையே எடுத்துக்கொண்டிருந்தாள். யார் கூப்பிட்டாலும் கேள்வி ஒன்றுதான்: எப்போது முடியும்? பதில் முதலாளியின் மண்டைக்குள் இருந்தது. சில நாட்களில் அது அவருக்கே அகப்படாது.

பிறகு முதலாளியின் மருமகன் ஒரு மென்பொருளைக் கணினியில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி அதைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். அவள்தான் உட்கார்ந்து பழகினாள். ஒவ்வொரு ஒப்பந்தமும் ஒரு ப்ராஜெக்ட். அதற்குள் எத்தனை வேலையோ அத்தனை அட்டைகள். அட்டையில் வேலையின் பெயர், செய்கிறவர் பெயர், தேதி. திரையில் மூன்று கட்டங்கள் இருந்தன: செய்யவேண்டியது, நடக்கிறது, முடிந்தது. ஓர் அட்டையை 'முடிந்தது' கட்டத்துக்கு இழுத்துவிட்டால், அதற்காகக் காத்திருந்த அடுத்த ஆளுக்குத் தானாகவே "வரலாம்" என்று மெசேஜ் போய்விடும். தன் வியாதிக்கும் உலகத்தில் ஓர் உத்தியோகம் உண்டு என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. தொலைபேசிக்கு வேறு பெண் வந்தாள். இவளுக்கு ஜன்னலோரம் ஒரு மேஜை கிடைத்தது. வேலையாட்கள் "அடுத்தது அக்கா" என்று பெயர் வைத்தார்கள். ஒன்றைச் சொல்லி முடிப்பதற்குள் "சரி, அடுத்தது?" என்று கேட்பாளாம்.

வேலையாட்கள் யாரும் மென்பொருளைத் தொடமாட்டார்கள். அவளுக்கு போன் செய்து சொல்வார்கள், அவள் அட்டையை நகர்த்துவாள். ஒரு கண் மருத்துவமனையை அமைக்கிற வேலையில் இதுதான் வினையாக வந்தது.

"முடிச்சிட்டேன்மா" என்றார் டைல்ஸ் போடுகிறவர். அவள் அட்டையை இழுத்தாள். மெசேஜ் பறந்தது. கண்ணாடித் தடுப்பு போடுகிறவர் தன் ஆட்களோடும் தள்ளுவண்டியோடும் வந்து, பசை காயாத தரையில் பாரத்தை ஏற்றிவிட்டார். நடைபாதையின் நடுவே டைல்ஸ் புதைந்து, எழும்பி, விரிசல் விட்டது. இரண்டு கூட்டமும் வாசலில் நின்று ஒருவர் பரம்பரையை ஒருவர் விசாரித்துக்கொண்டிருந்தபோது முதலாளி வந்து சேர்ந்தார்.

அவளை அழைத்து, சத்தம் போடாமல் சொன்னார்: "இந்த வேலை முடியற வரைக்கும் பார்ப்பேன். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்த கம்ப்யூட்டர் போர்டும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீ பழையபடி போன் எடு."

அவர் கத்தியிருந்தால் கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. ஜன்னலோர மேஜையை விட்டுப் பழைய நாற்காலிக்குப் போய், பதில் தெரியாத கேள்விக்கு நாளெல்லாம் "கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்வதை அவளால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. நேராக டைல்ஸ்காரரிடம் போனாள்.

"முடிச்சிட்டேன்னு ஏங்க பொய் சொன்னீங்க?"

"யாரு பொய் சொன்னது? கடைசி வரிசை கையில இருந்துச்சு. அது முடிஞ்ச மாதிரிதானே?"

"முடிஞ்ச மாதிரி வேற, முடிஞ்சது வேற."

"அக்கா, உங்க வீட்டுக்காரர் கூப்பிட்டா என்ன சொல்வீங்க?"

"வந்துட்டேன்னு சொல்வேன்."

"வந்துட்டீங்களா அப்போ?"

பக்கத்தில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்த பெண் சிரித்துவிட்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே போட்டு உருட்டினாள். அன்று காலையில்கூட முதலாளியிடம் "அனுப்பிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுத்தானே அனுப்ப உட்கார்ந்தாள்? நம் பேச்சில் இறந்தகாலம் நடந்ததை மட்டும் சொல்வதில்லை. நடக்கப்போவதற்கு வாக்குக் கொடுப்பதும் அதுதான். "இதோ வந்துட்டேன்" என்கிறவர் இன்னும் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார். மனசு புறப்பட்டாயிற்று, உடம்பு பின்னால் வருகிறது. கேட்கிறவருக்கும் அது தெரியும், அதனால் பொய்யாகாது. ஆனால் மென்பொருளுக்குத் தெரியாது. அது சொன்னதை அப்படியே நம்பிவிடுகிறது.

மேஜைக்கு வந்ததும் 'நடக்கிறது', 'முடிந்தது' இரண்டுக்கும் நடுவே புதிதாக ஒரு கட்டம் திறந்தாள். அதற்கு 'முடிச்சிட்டேன்' என்றே பெயர் வைத்தாள். ஆட்கள் வாயால் சொன்னால் அட்டை அங்கே வரும். அவள் டேப்லெட்டோடு நேரில் போய்ப் பார்த்த பிறகுதான் எழுத்துத் தமிழுக்கு, அதாவது 'முடிந்தது' கட்டத்துக்குப் போகும், மெசேஜும் அப்போதுதான் கிளம்பும்.

"கல்யாணம் ஆச்சு, ஆனா ஆகலைங்கற மாதிரி என்னம்மா இது?" என்றார் முதலாளி. பெயிண்டர் தினமும் விசாரித்தார்: "என் கார்டு இன்னும் பேச்சுலதான் நிக்குதா, எழுத்துக்குப் போயிடுச்சா?"

இதை அவளுடைய சாமர்த்தியம் என்று ரொம்பவும் புகழ வேண்டியதில்லை. பாதியில் நிற்பதைச் சகிக்காதவள், பாதியில் நிற்பதற்கென்றே ஒரு கட்டம் கட்டி, அதைத் தன் தலையிலேயே வைத்துக்கொண்டாள். நாளெல்லாம் அந்தக் கட்டம் நிரம்பியே கிடந்தது. மாடிக்கும் கீழுக்கும் அலைந்து ஒன்றைக் காலி செய்வதற்குள் வேறு இரண்டு வந்து உட்காரும்.

ஒப்படைக்கும் நாள் வந்தது. கண் டாக்டர் மாலையில் வந்து பார்ப்பதாக ஏற்பாடு. மதியத்துக்கெல்லாம் எல்லா அட்டைகளும் கடைசிக் கட்டத்துக்குப் போயிருந்தன, ஒன்றைத் தவிர. அது இருட்டறை. நோயாளியை உள்ளே உட்காரவைத்துக் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்க்கிற அறை என்பதால், சொட்டு வெளிச்சம் வரக்கூடாது என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார். தச்சர் கதவை மாட்டி, "முடிச்சிட்டேன்கா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். எலக்ட்ரீஷியன் தலையை மட்டும் உள்ளே விட்டுப் பார்த்து, "இருட்டாத்தானே இருக்கு" என்றார்.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தி விளக்கை அணைத்தாள். இருட்டுத்தான். கை தாழ்ப்பாளுக்குப் போனது. அப்புறம் நின்றாள். வெயிலிலிருந்து வீட்டுக்குள் வந்ததும் ஒன்றுமே தெரியாதே, கண் பழக நேரம் ஆகுமே? அதற்குச் சும்மா நிற்க வேண்டும். போனை எடுத்தால் அந்த வெளிச்சத்தில் எல்லாம் பாழ். செய்வதற்கு எதுவுமில்லை, பார்ப்பதற்கும் எதுவுமில்லை. விரலை விரலால் நெரித்தாள். கால் மாற்றி நின்றாள். வெளியே ஏணியை யாரோ இழுக்கிற சத்தம் கேட்டது; என்ன ஏணி, எங்கே போகிறது என்று ஓடிப் போய்ப் பார்க்கவேண்டும்போல் இருந்தது. தன்னோடு தனியாக இவ்வளவு நேரம் அவள் இருந்ததே இல்லை. அவ்வளவு நல்ல துணையாகவும் படவில்லை.

அப்போது கீல் பக்கத்தில் ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. முதலில் கண்ணுக்குள்ளேயே ஏதோ என்று நினைத்தாள். தலையைத் திருப்பினாள், நூல் அங்கேயே நின்றது.

கதவு தட்டப்பட்டது. முதலாளி. "உள்ளே என்னம்மா பண்றே? டாக்டர் கிளம்பிட்டாங்களாம்."

"கிளம்பிட்டாங்களா, கிளம்பப்போறாங்களா சார்?"

"வம்பு பண்ணாதே. அந்தக் கார்டையும் அந்தப் பக்கம் தள்ளு."

"உள்ளே வாங்க சார். கொஞ்ச நேரம் நில்லுங்க."

வந்தார். "இருட்டு" என்றார் உடனே. "இருங்க சார்" என்றாள். அவர் சட்டைப்பையில் போன் அடித்து அறை முழுக்க நீலமானது. அவர் அதை அணைக்க, மறுபடி ஆதியிலிருந்து நின்றார்கள். முதலாளி பெருமூச்சு விட்டார். சாவிக்கொத்தை ஆட்டினார். பிறகு ஆட்டுவதை நிறுத்தினார்.

"தெரியுது" என்றார். குரல் இறங்கியிருந்தது. "ஒரு நூல்தானேம்மா. யாருக்குத் தெரியப்போகுது?"

"உள்ளே உக்கார்றவங்களுக்கு சார்."

"தள்ளிடு. நாளைக்கு வந்து அடைச்சுக்கலாம்."

"நீங்களே தள்ளுங்க. எனக்குக் கை வரலை. நாளையிலேர்ந்து போன் வேணா எடுக்கறேன்." சொல்லிவிட்டாள்.

வெளியே வந்து அவர் அவளுடைய டேப்லெட்டை வாங்கி அட்டையை 'முடிந்தது' பக்கம் இழுத்தார். பழகாத விரலில் அது எதிர்ப்பக்கம் வழுக்கி 'செய்யவேண்டியது' கட்டத்தில் போய் விழுந்தது. மறுபடி இழுக்க விரலை வைத்தவர், இழுக்காமலே எடுத்துவிட்டார். டேப்லெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன் போனை எடுத்தார்.

"மேடம், ஒரு கதவு முடியலை. இன்னிக்கு வராதீங்க, நாளைக்கு வாங்க." மறுமுனையில் டாக்டர் வெகுநேரம் பேசினார். முதலாளி "ஆமா மேடம், எங்க தப்புதான்" என்றார். வாடிக்கையாளரிடம் அவர் "முடியலை" என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"போன் எடுக்க ஆள் இருக்கு" என்றார் அவளைப் பார்க்காமலே. "நீ தச்சரைக் கூப்பிடு."

தச்சர் வந்து, முணுமுணுத்துக்கொண்டே கீல் பக்கம் ரப்பர் பட்டை ஒட்டினார். அவள் மறுபடி உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நின்றாள். விரலை நெரித்தாள். நூலைக் காணோம். ஆனால் காணோம் என்பது இல்லை என்று ஆகிவிடுமா? இன்னும் கொஞ்சம் நின்றால் வேறு மூலையில் ஏதாவது தெரியலாம். எவ்வளவு நின்றால் போதும் என்று யாரும் அட்டையில் எழுதி வைக்கவில்லை.

"அக்கா, தூங்கிட்டீங்களா?" என்று வெளியிலிருந்து தச்சர் கேட்டார்.

அவள் கண்ணை இன்னும் அகலமாகத் திறந்துகொண்டாள்.