மாமன் மடியும் பின்சீட்டு பெல்ட்டும்

போன வாரம் ரெட்டியார்சத்திரத்தில் ஒரு கிரகப்பிரவேசம். வாடகைக் காரில் போனேன். பின்சீட்டில் ஏறி உட்கார்ந்ததுமே என் கை தன்னால் சீட்டின் இடுக்கில் போய்த் துழாவ ஆரம்பித்தது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். “என்ன சார், செல்போன் விழுந்துருச்சா?”

“இல்லப்பா. பெல்ட் மாட்டணும். அதோட பூட்டைக் காணோம்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பின்னாடியா? பின்னாடியெல்லாம் போலீஸ் பாக்க மாட்டாங்க சார். சும்மா சாஞ்சு உக்காருங்க.”

போலீஸ்! நமக்கு சீட் பெல்ட் என்றாலே போலீஸ்தான். பைபாஸில் காக்கிச் சட்டை தெரிந்ததும் இழுத்து மேலே போட்டுக்கொள்கிறோம். அவரைத் தாண்டியதும் விட்டுவிடுகிறோம். அந்த நூறு அடி தூரத்தில் மட்டும்தான் விபத்து நடக்குமா, என்ன?

சீட் கவரின் ஓரத்தைத் தூக்கி, பிஸ்கட் தூளையும் யாரோ விட்டுப்போன ஹேர்பின்னையும் கடந்து, ஒருவழியாக அந்தப் பூட்டைக் கண்டுபிடித்து மாட்டினேன். இறங்கும்வரை டிரைவர் என்னை ஒரு மாதிரியாகவே பார்த்தார். சரியான பயந்தாங்கொள்ளி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

இந்தப் பத்தியின் மேலே வருகிற என் படத்தைப் பார்த்துவிட்டு, ‘இடது புருவத்தில் என்ன புதுசாக ஒரு கோடு?’ என்று சில வாசகர்கள் கேட்டிருந்தார்கள். நானும் பதில் சொல்லாமல் நழுவிக்கொண்டிருந்தேன். இந்த வாரம் சொல்லிவிடுகிறேன். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே படிக்கிற சமாச்சாரம் அல்ல... முன்கூட்டியே சொல்லிவிட்டேன்.

என் மனைவி வசந்தாவுக்கு ஒரு தம்பி, ஒரு தங்கை. தம்பி துரை, திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறான். ஆள் நல்ல வாட்டசாட்டம். மனசும் அப்படியே. தங்கை மாலதி கடைக்குட்டி. அவளுடைய ஒன்றரை வயதுப் பையன் கவினுக்கு, வடமதுரைப் பக்கம் அவர்கள் குலதெய்வக் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக ஏற்பாடு.

காதுகுத்து என்றால் நாயகன் யார்? குழந்தை என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். தாய்மாமன்தான் நாயகன்! சீர்த்தட்டு அவனுடையது, தோடு அவனுடையது, குழந்தை உட்காரும் மடியும் அவனுடையது. அந்த மடிக்காகத்தான் துரை தயாராகிக்கொண்டிருந்தான். கோயம்புத்தூரில் பெரிய கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிவந்தான். முன்னால், மோதினால் பலூன்போல விரிகிற ஏர்பேக் இரண்டு உள்ள வண்டி.

வாங்கிய மறுநாளே சீட்டுக்கெல்லாம் தடியாகப் புதுக் கவர் தைத்துப் போட்டான். டேஷ்போர்டில், இடதுபக்க சீட்டுக்கு நேர் எதிரே, பளிங்கில் உள்ளங்கை உயரத்துக்கு ஒரு பிள்ளையாரைப் பசை போட்டு ஒட்டினான். பூக்கடைக்காரன் வண்டியில் பூவுக்குப் பஞ்சமா? பிள்ளையாரைச் சுற்றித் தினமும் புதுக் கதம்பம். அதற்கு அடியில் ‘ஏர்பேக்’ என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்த எழுத்து யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் பை வெடித்துக்கொண்டு வெளியே வருகிற மூடியின் மேலேயே பிள்ளையாரை உட்காரவைத்திருக்கிறோம் என்பது துரைக்குத் தெரியாது. எங்களுக்கும் தெரியாது.

காதுகுத்து அன்று காலை. மாலதியின் கணவர் பொங்கல் வேலைகளைக் கவனிக்க முன்னாடியே கோயிலுக்குப் போய்விட்டார். வசந்தாவும் மற்ற சொந்தங்களும் ஒரு வேனில். சீர் கொண்டுவரும் மாமனின் காரில் குழந்தை. முன்சீட்டில், மாலையும் கழுத்துமாக, மாமன் மடியில் வரவேண்டும். ஊர் பார்க்கவேண்டும். அதுதான் துரையின் ஆசை. ஓட்டுவதற்குக் கடை வேன் டிரைவர் சேவியர்.

மாலதி பொட்டைச் சரிசெய்யலாம் என்று முன்சீட்டுக்கு மேலே இருந்த வெயில் தடுப்பை இறக்கியிருக்கிறாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர். குழந்தை படம். அதன் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு, கீழே ஆங்கிலத்தில் சில வரிகள்.

படித்தாள். இன்னொரு தடவையும் படித்தாள். பிறகு துரையின் கையிலிருந்த கவினை வாங்கிக்கொண்டாள்.

“அண்ணே, புள்ளைய முன்னாடி வக்கக்கூடாதாம்ணே. இதுல போட்டிருக்கு.”

“எதுல?”

“இந்த ஸ்டிக்கர்ல. பலூன் வெடிச்சா புள்ளைக்கு ஆகாதாம்.”

துரைக்கு முகம் சிறுத்துவிட்டது. “ஏம்மா, அது என்னமோ கம்பெனிக்காரன் ஒட்டுனது. நான் புள்ளைய வச்சிருக்கப்போ என்ன ஆகப்போகுது? என் மடி மேல நம்பிக்கை இல்லையா ஒனக்கு?”

“ஒன் மேல நம்பிக்கை இல்லாமயாண்ணே...” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் குழந்தையைத் தரவில்லை.

வேனிலிருந்து சொந்தங்கள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். சீரோடு வந்து நிற்கும் அண்ணனிடம் தங்கை பிள்ளையைத் தர மறுப்பதா? ஒரு வார்த்தை தடித்திருந்தால் சீர்த்தட்டெல்லாம் வந்த வழியே திரும்பியிருக்கும். இதைவிடச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பத்து வருஷம் பேசாமல் இருக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும்.

வசந்தா வேனிலிருந்து இறங்கி வந்து பஞ்சாயத்து பண்ணினாள். “ஏலே துரை, நீ பின்னாடி உக்காரு. புள்ள ஒன் மடியிலதான். மாலதி பக்கத்துல உக்காரட்டும். முன்னாடி ஒங்க மச்சான் உக்காரட்டும். முடிஞ்சுபோச்சு, கெளம்புங்க.”

எல்லாருக்கும் திருப்தி. மாமன் மடியும் தப்பியது, ஸ்டிக்கர் வாக்கும் தப்பியது.

மாலதிக்கு மட்டும் இன்னும் மனசு ஆறவில்லை. “நீங்களாவது பெல்ட் போடுங்க மச்சான்,” என்றாள். ஏற்கெனவே கலங்கிய கண். அவளுக்காக இழுத்து மாட்டினேன். அவளும் பின்சீட்டில் பெல்ட்டைத் தேடினாள். பெல்ட் இருந்தது, அதை மாட்டும் பூட்டைத்தான் காணோம்.

“கவர் தைக்கிறப்ப உள்ள போயிருச்சுக்கா,” என்றான் சேவியர்.

“இந்தா இருக்கிற வடமதுரைக்கு எதுக்குமா பெல்ட்டு?” என்றான் துரை. அவனுக்கு முகம் தெளிந்திருந்தது. கவினை மடியில் வைத்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டான். குழந்தை மாமனின் சட்டைப் பித்தானை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு வந்தது.

அப்படியொன்றும் வேகமில்லை. சேவியர் நிதானமானவன்தான். வடமதுரை வருவதற்குக் கொஞ்சம் முன்னால், பக்கத்துத் தோட்டத்துப் பாதையிலிருந்து ஒரு டிராக்டர் திரும்பிப் பார்க்காமல் ரோட்டில் ஏறிவிட்டது. சேவியர் பிரேக்கை மிதித்தான். நிற்கவில்லை. டிராக்டரின் டிரெய்லரில் போய் மோதினோம்.

கோயில் திருவிழாவில் அதிர்வேட்டு போடுவார்களே, அது காதுக்குள்ளே வெடித்ததுபோல ஒரு சத்தம். முகத்தில் ஓர் அறை. கார் முழுக்க வெள்ளைத் தூள், கருகிய வாடை. பை விரிந்த வேகத்தில் பிள்ளையார் பிய்ந்து பறந்து, என் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது. பெல்ட் என் நெஞ்சை இழுத்துப் பிடித்து வைத்திருந்தது. அது இல்லாவிட்டால் விரிகிற பையின் மேலேயே போய் விழுந்திருப்பேன். பையும் பெல்ட்டும் ஜோடி. ஒன்றை விட்டுவிட்டு இன்னொன்றை நம்பக்கூடாது. இதுவும் பிறகு தெரிந்துகொண்டதுதான்.

சேவியரும் பெல்ட் போட்டிருந்தான். எங்கள் இருவருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை.

பின்னால்...

கார் நிற்கும், உள்ளே இருக்கிறவர்கள் நிற்பதில்லை. அதே வேகத்தில் போய்க்கொண்டிருப்பார்கள். குழந்தை மாமனின் கையிலிருந்து உருவிக்கொண்டு முன்சீட்டின் முதுகில் போய் மோதியிருக்கிறது. பெல்ட் போடாத துரை, அவனுடைய அத்தனை பாரத்தோடும், பின்னாலேயே குழந்தையின் மேல் போய் விழுந்திருக்கிறான்.

நான் கதவைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினேன். மாலதியின் உதடு கிழிந்து ரத்தம். அவள் அதைத் துடைக்கவே இல்லை. “கவினு... கவினு...” என்று சீட்டின் அடியில் கையை விட்டுக்கொண்டிருந்தாள். துரை புரண்டு எழுந்தான். கீழே குழந்தை கிடந்தது. கண் மூடியிருந்தது. சத்தம் இல்லை.

அந்த டிராக்டர்க்காரரே அழுதுகொண்டு எங்களை வேறொரு வண்டியில் ஏற்றிவிட்டார். திண்டுக்கல் போகும் வழி முழுக்க துரை ஒரே வார்த்தையைத்தான் சொன்னான். “இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன் மச்சான்... இறுக்கித்தான் பிடிச்சிருந்தேன்...”

எனக்குத் தெரியும். மாலதிக்கும் தெரியும். அந்தக் கைகளை விட இறுக்கிப் பிடிக்கிற கைகள் எங்கள் குடும்பத்தில் இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதுதான் கவின் கண்ணைத் திறந்து வீறிட்டான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை. கழுத்துப் பட்டை எலும்பு முறிந்திருந்தது. தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, பயமில்லை என்றார்கள். வயசான டாக்டர். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. “எந்த மனுசன் கையும் அந்த நேரத்துல பிடிச்சு நிறுத்தாதுப்பா. பயில்வான் கையா இருந்தாலும் அம்புட்டுத்தான்,” என்று மட்டும் சொன்னார். அப்புறம், குழந்தை முன்சீட்டு மடியில் இருந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், மாலதியைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். நானும் அதற்கு மேல் யோசிப்பதில்லை.

எலும்பு சீக்கிரம் கூடிவிட்டது. குழந்தை எலும்பல்லவா? கூடாமல் கிடந்தது துரைதான்.

தினமும் வந்து கவினைப் பார்ப்பான். பொம்மை வாங்கிவருவான். ஆனால் தூக்கமாட்டான். பையன் ‘மாமா’ என்று இரண்டு கையையும் நீட்டினால், இவன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வான். பார்க்கவே சகிக்காது. மறுபடி காதுகுத்துக்கு நாள் பார்க்கலாம் என்றதற்கு, “மச்சான் மடியில வச்சுக் குத்துங்க. என் மடி வேணாம்,” என்று சொல்லிவிட்டான். தாய்மாமன் இருக்கும்போது வேறு மடியா?

ஒருநாள் மாலதி கவினைத் தூக்கிக்கொண்டு நேரே பூ மார்க்கெட்டுக்குப் போய்விட்டாள். நானும் கூடப் போயிருந்தேன். ஏலம் நடந்துகொண்டிருந்த நேரம். கூட்டத்தின் நடுவில் நின்றுகொண்டு, “அண்ணே, இவன் காதுல ஓட்டை விழுந்தா ஒன் மடியிலதான் விழும். இல்லாட்டி அப்படியே இருக்கட்டும்,” என்றாள்.

துரை தராசைப் பிடித்தபடி நின்றான். கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டே இருந்தது. “கோயில்ல வச்சுக்கிறேன்,” என்றான். “கார்ல வச்சுக்க மாட்டேன். நீயும் வச்சுக்கக் கூடாது.”

அடுத்த காதுகுத்து அன்று சீர் வந்தது. பழத்தட்டு, பூத்தட்டு, புதுத்துணி, தோடு... கடைசித் தட்டை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதில் மஞ்சள் குங்குமம் வைத்து, மல்லிகைச் சரம் சுற்றி, குழந்தைகளைக் காரில் கட்டி உட்காரவைக்கும் சீட்! திண்டுக்கல்லில் தேடிக் கிடைக்காமல், பெங்களூருக்குப் பூ லோடு கொண்டுபோன வண்டியில் சொல்லி வரவழைத்திருக்கிறான்.

“என்னப்பா இது, சேர் எல்லாமா சீர் வைக்கிறது?” என்று ஒரு அம்மாள் கேட்டார்.

துரை காரின் பின்கதவைத் திறந்து காட்டினான். அந்த ஆசை ஆசையான சீட் கவரை பிளேடால் கிழித்து, மூன்று பூட்டுகளையும் வெளியே எடுத்துவிட்டிருந்தான். டேஷ்போர்டு வெறுமனே இருந்தது. புதுப் பிள்ளையார் கடைக்குள் பூஜை அலமாரியில் இருந்தார்.

சீட்டைப் பின்னால் வைத்துக் கட்டி, கவினை உட்காரவைத்து, வார்களை மாட்டி, தொளதொளவென்று இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்த்தான். இந்தப் பக்கம் மாலதி, அந்தப் பக்கம் அவன். இரண்டு பேரும் பெல்ட் மாட்டிக்கொண்டார்கள்.

பையனுக்குப் பிடிக்கவில்லை. திமிறினான். மாமனைப் பார்த்துக் கையை நீட்டி, தொண்டை கிழிய ஒரே கத்தல். மாலதிக்குத் தாங்கவில்லை. “இந்தா இருக்கிற வடமதுரைதானண்ணே... செத்த நேரம் நான் வச்சுக்கிறேனே,” என்று வாரைக் கழற்றப் போனாள்.

துரை அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அழட்டும் விடும்மா. அழறதுக்கு இருக்கான்ல.”