ரேடியோவில் என்ன சொன்னான்?

என் அப்பா ஹோலிஸ் மெண்டிவே விமானம் ஓட்டியவர் அல்ல. ரீனோவுக்குக் கிழக்கே ஒரு கல்குவாரியில் கிரஷர் ஓட்டினார். வருடம் முழுக்க லீவு கேட்கமாட்டார். செப்டம்பரில் விமானப் பந்தயம் நடக்கும் வாரத்தை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார். ஊருக்கு வடக்கே பழைய ராணுவத் தளத்தில், மலையைப் பார்த்த கேலரியில், கீழ் வரிசைகளில் ஒன்று எங்களுடையது. நான் அங்கேதான் நடக்கப் பழகினேன் என்று அம்மா சொல்வாள். அம்மா இப்போது வேறு ஊரில் வேறொருவரோடு இருக்கிறாள். அவளுக்குப் பந்தயம் பிடித்ததே இல்லை.

அந்த வரிசையில் அப்பாவுக்கு ஒரு வேலை இருந்தது. பந்தயப் பாதையைக் காட்ட நட்டிருக்கும் உயரமான கம்பங்களைச் சுற்றி விமானங்கள் தரையை ஒட்டிப் பறக்கும். பாதிச் சுற்று கண்ணுக்குத் தெரியும், மீதி சேஜ் புதர்க்காட்டின் புழுதிக்கும் கானலுக்கும் பின்னால் போய்விடும். ஒலிபெருக்கிக்காரர் முடிவானதை மட்டும் சொல்வார். விமானிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டுமென்றால் தனி ரேடியோ வேண்டும். அப்பாவிடம் ஒன்று இருந்தது. செங்கல் அளவுக்குப் பெரியது, அதற்கேற்ற ஹெட்போன். அவர் கேட்டுச் சொல்வார், வரிசை நம்பும்.

ஒரு விமானிக்கு ஆபத்து என்றால் ரேடியோவில் "மேடே" என்பார். அதே நொடி விமானத்தின் மூக்கைத் தூக்கி, மற்ற விமானங்களின் கூட்டத்தை விட்டு மேலே போவார். இருக்கிற வேகத்தையெல்லாம் உயரமாக மாற்றிக்கொண்டு, அந்த உயரத்தை வைத்து ஓடுபாதையைத் தேடுவார். மேலே ஒரு விமானம் தனியாக எழுந்தால் கேலரி முழுக்க எழுந்து நிற்கும். எங்கள் வரிசை மட்டும் வானத்தை விட்டுவிட்டு அப்பாவைப் பார்க்கும். அப்பா ஒரு விரலைத் தூக்கிப் பொறுங்கள் என்பார். பிறகு சொல்வார்: எஞ்சின் சூடாகிவிட்டதாம், எட்டாம் ஓடுபாதைக்கு வருகிறானாம். சக்கரம் தரையைத் தொட்டதும் எல்லோரும் கைதட்டி உட்காருவோம்.

பந்தயம் தொடங்குவதையும் அவரே அறிவிப்பார். போட்டி விமானங்களை முன்னால் அழைத்து வருகிற வழிகாட்டி விமானம், பின்னால் வருகிறவர்களைப் பந்தயத்துக்கு விட்டுவிட்டு மேலே ஏறும். அதை ஓட்டுகிறவர் ரேடியோவில் ஒரு வார்த்தை சொல்வார். அப்பா அதே கணம் தொடையில் தட்டி, "ஆரம்பிச்சிருச்சு மக்களே" என்பார். ஒரு வருடம் அந்த விமானம் மேலே ஏறியது, அப்பா தொடையில் தட்டினார். ஆனால் விமானங்களின் அணிவகுப்பு சரியில்லையென்று எல்லோரையும் திரும்பவும் சுற்றிவரச் சொல்லியிருந்தார்கள். மேல் வரிசையில் உட்காரும் வெர்ன் டாலிவர், அவரிடமும் ரேடியோ உண்டு, குனிந்து சொன்னார்: "ஹோலிஸ், உனக்கு மட்டும் தனியா ஒரு பந்தயம் நடத்துறாங்க போல." எல்லோரும் சிரித்தோம். அப்பாவும் சிரித்தார், எங்களுக்குக் கொஞ்சம் பிந்தி.

நான் எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள். புள்ளியியல் படித்தேன். ஆதாரம் இல்லாமல் எதையும் ஏற்காதே என்று வகுப்புக்கு வகுப்பு சொன்னார்கள். அத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்த அந்த ஹெட்போனை என் காதில் வைத்துப் பார்க்க ஒருமுறைகூட எனக்குத் தோன்றியதில்லை.

எங்கள் வரிசையில் அப்பாவுக்கு அடுத்த இடம் ரோவீனா ஆஸ்ட்ராண்டருடையது. அவருடைய கணவர் லைல், யெரிங்டன் பக்கம் வெங்காய வயல்களுக்கு விமானத்திலிருந்து மருந்து தெளிக்கிறவர். செப்டம்பரில் தன் பழைய மஞ்சள் பயிற்சி விமானத்தோடு பந்தயத்துக்கு வருவார். ஜெயித்ததில்லை. மற்ற விமானிகளின் மனைவிமார் மெக்கானிக்குகளோடு கீழே நிற்பார்கள். ரோவீனா நிற்கமாட்டார். அங்கே எல்லோரும் தன் முகத்தையே பார்க்கிறார்கள், தன் முகத்தை வைத்து எஞ்சின் நிலவரம் தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள் என்பார். அதனால் எங்களோடு உட்கார்ந்து, சொரிசோ இறைச்சி வைத்த ரொட்டியை எங்களுக்கும் பிய்த்துக் கொடுத்து, அப்பாவின் முழங்கையை இடித்துக்கொண்டே இருப்பார். "என் ஆளு என்ன சொல்றான்?" அப்பா சொல்வார்: "பசிக்குதாம். ரொட்டியெல்லாம் எங்களுக்குக் குடுத்துட்டியான்னு கேக்குறான்." இது ஒவ்வொரு வருடமும் நடக்கும். ஒவ்வொரு வருடமும் ரோவீனா சிரிப்பார்.

அந்த வருடம் வெள்ளிக்கிழமை மதியம், லைலுடையது போன்ற பயிற்சி விமானங்களின் பந்தயம். காற்று அதிகம், புழுதியில் பல்லெல்லாம் நறநறத்தது. லைல் நான்காவதாக வந்துகொண்டிருந்தார். எங்களுக்கு நேர் எதிரே திரும்பும்போது அவருடைய விமானம் கூட்டத்திலிருந்து விலகி மேலே எழுந்தது.

கேலரி எழுந்து நின்றது. ரோவீனா அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா விரலைத் தூக்கினார். விமானம் நல்ல உயரத்துக்குப் போய், நிதானமாகத் திரும்பி, ஓடுபாதைக்கு இணையாக வந்தது. புகை இல்லை. சக்கரங்கள் இறங்கின. பார்க்க எல்லாம் ஒழுங்காக இருந்தது.

"என்ன சொல்றான்?"

"எஞ்சின் போச்சாம். ஆனா ரன்வே கைக்குள்ள இருக்காம். பயப்பட ஒண்ணுமில்லையாம்" என்றார் அப்பா.

ரோவீனா மூச்சுவிட்டுச் சிரித்தார். அப்படியே உட்கார்ந்து, காலடியில் உருண்டுபோன பிளாஸ்கின் மூடியைக் குனிந்து தேடினார். நான் நின்றுகொண்டிருந்தேன். அதனால் நான் பார்த்தேன். கடைசித் திருப்பத்தில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி அகலமாகப் போனது. திருத்துவதற்காக இன்னும் சாய்ந்தது, ஒரு இறக்கை சட்டென்று கீழே போனது. மேட்டுக்குப் பின்னால் விழுந்தது. முதலில் புழுதிதான் வந்தது, கரும்புகை அப்புறம்.

ரோவீனா மூடியோடு நிமிர்ந்தபோது எங்கள் வரிசையில் யாரும் அவரைப் பார்க்கவில்லை. அதை வைத்துத்தான் அவருக்குத் தெரிந்தது.

கீழேயிருந்து ஒருவர் ஓடிவந்து அவரை அழைத்துப்போனார். பந்தயத்தை நிறுத்தினார்கள். நாங்கள் மூட்டை கட்டினோம். அப்பாவின் ரேடியோ பெஞ்சில் கிடந்தது, எடுத்துப் பையில் வைக்கப்போனேன். எடை இல்லாமல் இருந்தது. விளக்கு எரியவில்லை. பின்பக்க மூடியைத் திறந்தேன். உள்ளே பேட்டரி இல்லை. பேட்டரி இருக்கும் இடத்தில் பழைய துரு, அவ்வளவுதான்.

பேட்டரி எங்கே என்று வண்டியில் கேட்டேன். அவர் முகத்துக்கு நேராகத் திரும்பி, மெதுவாக, இரண்டு முறை கேட்டேன். இரண்டாவது தடவை கேட்கும்போதே எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. வீட்டில் டிவி அலறியதும், போன் எடுக்கமாட்டேன் என்று அடம்பிடித்ததும், எல்லாரும் சிரித்த பிறகே சிரித்ததும்.

"இரைச்சலா மட்டும்தான் வருது. வலிக்குது. அதான் பேட்டரியைக் கழட்டிட்டேன்" என்றார் அப்பா.

"எப்போ?"

"மூணு செப்டம்பர் இருக்கும்."

கிரஷரில் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள். அவர் அதைச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். சத்தம் கேட்காவிட்டால் கல் எங்கே சிக்குகிறது என்று எப்படித் தெரியும் என்பார். பந்தயத்தில் அவருக்குக் காது தேவைப்படவில்லை. மேலே எழுந்தால் மேடே, இறங்கிவிட்டால் நலம். நடுவில் விமானி என்ன சொல்லியிருப்பான் என்பதை விமானத்தின் சாய்வைப் பார்த்தே சொல்லிவிடலாம். தொடையில் தட்டிய அந்த ஒரு தடவை தவிர, அந்த வெள்ளிக்கிழமை வரை அவர் சொன்னதுதான் நடந்தது. அவர் பொய் சொன்னார் என்று என்னால் அன்றைக்கு நினைக்க முடியவில்லை. உண்மை சொன்னார் என்றும் நினைக்க முடியவில்லை. அந்த இடத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனமில்லை, அது மட்டும் தெரிந்தது. குவாரியில் அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை.

யெரிங்டனில் ஒரு வெங்காயக் கிடங்கில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ரோவீனா எழுந்து நின்று பேசினார். லைல் கடைசியாக என்ன சொன்னான் என்று தனக்குத் தெரியும் என்றார். "ரன்வே கைக்குள்ள இருக்கு, பயப்பட ஒண்ணுமில்லன்னான். அப்படித்தான் போனான்." நிறைய பேர் அழுதார்கள். அதுவரை ரோவீனாவின் வாயையே பார்த்திருந்த அப்பா, முன்னால் இருந்தவரின் பிடரிக்குப் பார்வையை மாற்றிக்கொண்டார். ரோவீனா பேசியது அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் அப்பா உதட்டசைவைப் படிக்கப் பழகியிருந்தார்.

வெளியே வந்ததும் வெர்ன் டாலிவர் அப்பாவின் தோளில் கைபோட்டுக் காதருகே குனிந்தார். "பெரிய மனசு ஹோலிஸ் உனக்கு. எனக்கு அந்த நேரத்துல அப்படிச் சொல்ல வாய் வந்திருக்காது." அப்பா தலையாட்டினார். நான் வெர்னைத் தனியே அழைத்து, லைல் உண்மையில் என்ன சொன்னார் என்று கேட்டேன். வெர்ன் தொப்பியைக் கழற்றினார்.

"கண்ணாடி முழுக்க எண்ணெய், ஒண்ணும் தெரியல, ரன்வே எங்க இருக்குன்னு யாராவது சொல்லுங்கன்னான். இன்னொருத்தன் பக்கத்துலயே பறந்து இடது, இடதுன்னு சொல்லிக்கிட்டே வந்தான். இவன் எங்க, எங்கன்னு கேட்டுக்கிட்டே இருந்தான். கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்."

ரேடியோ வைத்திருந்த எல்லோருக்கும் இது தெரியும். ரோவீனாவுக்காக அப்பா மனதறிந்து ஒரு பொய் சொன்னார் என்று நினைத்து, எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். வழியில் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி, அப்பாவிடம் வெர்ன் சொன்னதைச் சொன்னேன். அவர் என் உதட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் முடித்த பிறகும் பார்த்தார். அப்புறம் வண்டியை எடுத்தார்.

ரோவீனா அடிக்கடி போன் செய்தார், நான்தான் எடுத்தேன். அப்பாவோடு பேசவேண்டும் என்பார். வெளியே போயிருக்கிறார் என்பேன். நவம்பரில் நேராகவே வந்துவிட்டார். சன் வேலி ஊரில் எங்கள் டிரெய்லர் வீட்டின் சமையல் மேசையில், மேல்கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தார். மெலிந்திருந்தார். தூக்கம் வருவதில்லை, அந்த வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டால் கொஞ்சம் வருகிறது என்றார். ஆனால் சொல்லிச்சொல்லி அதில் லைலின் குரல் போய்விட்டது, இப்போது தன் குரலில்தான் கேட்கிறது என்றார்.

"அவன் குரல் எப்படி இருந்துச்சு ஹோலிஸ்? அதை மட்டும் சொல்லு. வேகமாச் சொன்னானா, நிதானமாவா?"

நிதானமாக என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். ரோவீனா அதை எடுத்துக்கொண்டு யெரிங்டனுக்குத் திரும்பியிருப்பார். நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லிவிடு என்று நினைத்தேனா, சொல்லாதே என்று நினைத்தேனா, இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"எனக்குக் காது கேக்காது ரோவீனா. மூணு வருஷமா. ரேடியோல பேட்டரியே கிடையாது. பிளேனைப் பாத்துச் சொன்னேன்."

ரோவீனா என் பக்கம் திரும்பினார். நான் தலையாட்டினேன்.

"அப்ப அவன் என்னதான் சொன்னான்?"

"நான் கேக்காததை இன்னொரு தடவை என் வாயால சொல்லமாட்டேன். வெர்ன் கேட்டான். அவன்கிட்ட கேளு."

"நல்லதா, கெட்டதா? அதையாவது சொல்லு."

அப்பா மேசையைப் பார்த்தார். பாத்திரம் கழுவும் தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அது எனக்கும் ரோவீனாவுக்கும் மட்டும்தான் கேட்டிருக்கும். பிறகு ரோவீனா பேசினார். கத்தவில்லை. அப்பாவுக்குப் புரியவேண்டுமென்று உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நீ சொன்னதைக் கேட்டு நான் உக்காந்தேன். மூடியைத் தேடிக்கிட்டிருந்தேன். அவன் விழுறப்ப நான் அவனைப் பாக்கல. இருபத்தாறு வருஷம் அவன் பறந்த ஒவ்வொரு தடவையும் பாத்தேன். அந்த ஒரு தடவை பாக்கல."

எழுந்து போய்விட்டார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது. அப்பா ஜன்னலருகே போய், கார் திருப்பத்தில் மறையும்வரை நின்றார்.

ரோவீனா வெர்னிடம் போய்க் கேட்டதாகப் பிறகு தெரிந்தது. அப்புறம் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. பெரிய மனசு என்று சொன்ன யாரும் அதன்பின் எங்களுக்குப் போன் செய்யவில்லை.

அடுத்த செப்டம்பரில் அப்பா போவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காலையில் அவர் பாட்டுக்கு ரொட்டி கட்டிக்கொண்டிருந்தார். ஏன் போகவேண்டும் என்று கேட்டேன். "வேற எங்க போறது?" என்றார். ரேடியோவை எடுக்கவில்லை.

வரிசையில் எல்லோரும் மரியாதையாக வணக்கம் சொன்னார்கள். யாரும் கிண்டல் செய்யவில்லை. வெர்னும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது. அப்பாவுக்கு அடுத்த இடம் காலியாக இருந்தது. ரோவீனா வந்திருந்தார், எங்களோடு அல்ல. கீழே கம்பிவேலியோரம் நின்றிருந்தார். ஒரு பந்தயத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்கூட அவர் உட்காரவில்லை. அப்பாவும் பார்த்தார். பார்த்தபின் அவரும் எழுந்து நின்றார், மதியம் முழுவதும். பின்னாலிருந்த ஒருவர் மறைக்கிறது என்று முணுமுணுத்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

சனிக்கிழமைப் பந்தயத்தில் ஒரு வெள்ளி விமானம் கூட்டத்தை விட்டு மேலே எழுந்தது. கேலரி எழுந்தது. எங்கள் வரிசை, பழக்கத்தில், அப்பாவின் பக்கம் திரும்பிவிட்டது. அத்தனை முகங்களையும் அவர் பார்த்தார். அவருடைய விரல் பாதிவரை உயர்ந்து நின்றது. பிறகு இறங்கியது.

"எனக்குத் தெரியாது. அவனைப் பாருங்க" என்றார்.

மேலேயிருந்து வெர்ன், எண்ணெய் அழுத்தம் குறைந்ததாம், வருகிறானாம் என்றார். யாரும் உட்காரவில்லை. வேலியோரம் ரோவீனா இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்திருந்தார். விமானம் இறங்கியது, ஓடியது, நின்றது. அப்பா ஓடுபாதையிலிருந்து கண்ணை எடுத்து எங்கள் கைகளைப் பார்த்தார், தட்டுகிறோமா என்று.